குழாய்க்குப் பயமா, ரிப்போர்ட்டுக்குப் பயமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஏழெட்டு மாதமாக வயிற்று வலி, உப்புசம், மோஷன் ஒரு நாள் தண்ணியாக, மறுநாள் கட்டியாக. டாக்டர் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது), கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்ப்பது) இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்று தேதி கொடுத்திருக்கிறார். அதற்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. தேதி கிடைத்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது, வயிறும் முன்பைவிட மோசம். "வலிக்குமா? தள்ளிப்போட்டால் தப்பா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: "பெரிசா ஏதாவது இருந்துட்டா என்ன பண்றது." எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. வலிக்குமா என்பதற்குப் பதில் சொல்வது சுலபம், அதனால் அதை முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள்.

நான் எண்டோஸ்கோப்பி அறையில் 19 வருடமாக வேலை பார்க்கும் நர்ஸ். டாக்டர் இல்லை, உங்களைப் பார்த்ததும் இல்லை. ஆகவே உங்கள் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அப்படி ஊகித்துச் சொல்கிறவர்களை நீங்களும் நம்ப வேண்டாம். படுத்திருப்பவரின் முகத்துக்கு ஓர் அடி தள்ளி நிற்பதுதான் என் வேலை. அந்த ஓர் அடிக்குள் நடப்பதை நிச்சயமாகச் சொல்ல முடியும்.

முதலில் வயிறு ஏன் மோசமானது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த 12 நாளும் உங்களை மிரட்டப் போவது அதுதான். குடல் சுவருக்குள் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. பயம் வந்தால் இரைப்பையின் வேலை மந்தமாகும், பெருங்குடலின் வேகம் கூடும். மேலே குமட்டலும் கீழே அவசரமும் ஒரே நேரத்தில் வருவது அதனால்தான். சாதாரண நாளில் கவனிக்காமல் விட்டிருக்கும் காற்றும் அசைவும் இப்போது வலியாகத் தெரியும். அடிவயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வதில் பேச்சு அலங்காரத்தைவிட உடற்கூறு அதிகம். தேதி கிடைத்த பிறகு வலி கூடியதால் நோய் முற்றிவிட்டது என்று ஆகிவிடாது. ஆனால் எல்லாவற்றையும் பதற்றத்தின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், நிற்காத வாந்தி, காய்ச்சலோடு கூடிய வலி இவற்றில் ஏதாவது வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.)

சரி, வலிக்குமா? இரண்டையும் ஒரே நாளில் செய்யும்போது பெரும்பாலும் மேல் பக்கத்தை முதலில் பார்ப்பார்கள். அந்தக் குழாயின் பருமன் 1 செ.மீ.யை ஒட்டித்தான் இருக்கும், நன்றாக வளையும், நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வோம். தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே அடிப்பது வழக்கம். அது கசக்கும். கொஞ்ச நேரத்தில் தொண்டை வீங்கி அடைத்துக்கொண்ட மாதிரி, எச்சில்கூட இறங்காத மாதிரி தோன்றும். நான் பார்த்தவரை பலர் பதறுவது குழாயைப் பார்த்து இல்லை, இந்த ஒரு நிமிடத்தில்தான். ஏனென்றால் இதைப் பற்றி யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். தொண்டை வீங்கவில்லை, உணர்ச்சிதான் போயிருக்கிறது. மூச்சு வழக்கம்போல் போய் வரும்.

அப்புறம் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்போம், குழாயைக் கடித்துவிடாமல் இருக்க. குழாய் நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டும் அந்தச் சில விநாடிகளில் ஓங்கரிக்கும். அது நிஜம், அதை மறைக்கப் போவதில்லை. தாண்டியதும் தணியும். மூச்சுத் திணறிவிடுமோ என்று பயப்படாதவர்கள் குறைவு. குழாய் இறங்குவது உணவுக்குழாயில். மூச்சுக்குழாய் அதற்கு முன்னால் தனியாகத் திறந்திருக்கிறது. வாயில் ஊறும் எச்சிலை விழுங்கப் பார்க்காதீர்கள், கன்னத்தோரமாக வழிய விடுங்கள், உறிஞ்சி எடுக்கும் குழாயோடு நாங்கள் பக்கத்திலேயே இருப்போம். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மொத்தம் 5 முதல் 10 நிமிடம், சில சமயம் கொஞ்சம் கூட.

1868ல் அடோல்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் டாக்டர் முதன்முதலாக ஒருவரின் இரைப்பைக்குள் பார்க்க முயன்றபோது வளையாத உலோகக் குழாயைத்தான் பயன்படுத்தினார். அதை விழுங்க அவர் தேடிப் பிடித்தது வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை. முழுவதும் வளையும் குழாய் வர 1957 ஆனது. அதை உருவாக்கிய பேசில் ஹிர்ஷோவிட்ஸ் முதலில் தன் தொண்டைக்குள்தான் விட்டுப் பார்த்தார். பயந்துகொண்டு படுப்பவர்களிடம் நான் அடிக்கடி சொல்லும் கதை இது. கேட்டுவிட்டுச் சிரிப்பவர்களுக்குத் தோள் கொஞ்சம் இறங்கும்.

கொலனோஸ்கோப்பி வேறு மாதிரி. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், திருப்பங்கள் நிறைந்தது. குடலின் உள்தோலைக் கிள்ளினாலோ வெட்டினாலோ வலி தெரியாது. பயாப்ஸிக்கு, அதாவது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க, துளி சதை எடுக்கும்போது நீங்கள் உணரவே மாட்டீர்கள். குடலுக்குத் தெரிவது இழுபடுவதும் உப்புவதும்தான். வழி தெரிவதற்காகக் காற்றோ கார்பன் டைஆக்சைடோ செலுத்துவார்கள். அப்போது வயிறு முட்டும், அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் போல இருக்கும். குடல் காலியாக இருப்பதால் அது உணர்ச்சி மட்டுமே. திருப்பங்களில் குழாய் வளைந்து மாட்டிக்கொண்டால் பிடித்து இழுக்கிற வலி வரும். உடனே டாக்டர் கொஞ்சம் பின்வாங்குவார், நாங்கள் வயிற்றின் மேல் கை வைத்து அழுத்துவோம், அல்லது உங்களை மல்லாக்கத் திருப்புவோம். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். குழாய் கடைசிவரை போன பிறகு, திரும்பி வரும் வழியில்தான் ஒவ்வோர் அங்குலமாகப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பும் பயணத்துக்கே குறைந்தது 6 நிமிடம் எடுக்க வேண்டும் என்பது விதி மாதிரி. எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி ஆகலாம்.

இவ்வளவையும் நீங்கள் உணராமலே போகவும் வாய்ப்பிருக்கிறது, அது எந்த மயக்க மருந்து என்பதைப் பொறுத்தது. மிடஸோலம் போன்ற ஊசி போட்டால் தூக்கக் கலக்கம் வரும், கூப்பிட்டால் பதில் சொல்வீர்கள், ஆனால் நடந்ததில் பாதிக்கு மேல் மறந்துவிடும். மயக்க மருந்து டாக்டர் வந்து ப்ரொபொஃபால் கொடுத்தால் ஆழ்ந்த தூக்கம்தான். எதுவுமே இல்லாமல் விழித்தபடி செய்துகொள்பவர்களும் உண்டு. உங்களுக்கு எது என்பதை இப்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். "எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, நான் தூங்கிவிட வேண்டும்" என்று நேராகச் சொல்லலாம். அதை முன்கூட்டிச் சொன்னால் ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும், படுக்கையில் படுத்த பிறகு சொன்னால் கஷ்டம். தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், குடிப் பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது. மயக்க மருந்தின் அளவு அதைப் பொறுத்து மாறும். முந்தைய ராத்திரி தைரியத்துக்கு என்று யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

உண்மையைச் சொன்னால், இந்த முழு விஷயத்திலும் கஷ்டமான பகுதி குழாய் இல்லை, முந்தைய நாள். இரண்டாம் தடவை வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், "டெஸ்ட் பரவாயில்லை சிஸ்டர், அந்த மருந்தைக் குடிக்கிறதுதான்" என்பார்கள். குடலைச் சுத்தம் செய்யும் பவுடரைத் தண்ணீரில் கலந்து, மருந்தைப் பொறுத்து 2 முதல் 4 லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும். உப்புக் கலந்த வழவழப்பு. முதல் தம்ளர் பரவாயில்லை, நாலாவது தம்ளரில் வாய் மறுக்கும். நன்றாகக் குளிரவைத்து, ஸ்ட்ராவை நாக்கின் பின்பக்கமாக வைத்து உறிஞ்சினால் சுவை குறையும். குமட்டினால் அரை மணி நிறுத்திவிட்டுத் தொடருங்கள், பாதியில் கைவிட்டுவிடாதீர்கள். நிறையக் குளிர்ந்த திரவம் உள்ளே போவதால் சிலருக்கு உடம்பு நடுங்கும். ஒரு போர்வை பக்கத்தில் இருக்கட்டும். போகப் போக ஆசனவாய் எரியும், அதனால் தேய்க்காமல் கழுவி, ஒற்றி எடுத்து, முதல் தடவையிலிருந்தே வாஸலின் தடவிவிடுங்கள். எரிய ஆரம்பித்த பிறகு தடவுவது தாமதம்.

மருந்தை இப்போது பல இடங்களில் இரண்டு பாதியாகக் கொடுக்கிறார்கள். முதல் பாதி முந்தைய மாலை, இரண்டாவது பாதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னால். காலை முதல் ஆளாகத் தேதி இருந்தால் அதற்காக விடியற்காலை எழுந்திருக்க வேண்டி வரும். எரிச்சலாக இருக்கும், ஆனால் குடல் அப்போதுதான் நன்றாகச் சுத்தமாகிறது. கடைசியில் வெளியே வருவது சிறுநீர் மாதிரி வெளிர் மஞ்சளாக, அடியில் எதுவும் படியாமல் இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் வந்ததும் சொல்லிவிடுங்கள். சுத்தமாகாத குடலில் சின்னக் கட்டிகள் மறைந்துவிடும், சில சமயம் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டி வரும். ஓரிரு நாள் முன்பிருந்தே நார்ச்சத்தும் விதைகளும் வேண்டாம் என்பார்கள், திரவங்களில் சிவப்பும் ஊதாவும் வேண்டாம் என்பார்கள், உள்ளே பார்க்கும்போது அந்த நிறம் ரத்தம் மாதிரி தெரியும் என்பதால். அச்சிட்ட தாள் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதில் இருப்பதும் நான் இங்கே எழுதியிருப்பதும் வேறுபட்டால் அந்தத் தாளைத்தான் பின்பற்ற வேண்டும். தெரிந்தவருக்குக் கொடுத்த பவுடரை வாங்கிக் குடிப்பது கூடவே கூடாது. சிறுநீரகமோ இதயமோ பலவீனமாக இருந்தால் சில வகை மருந்துகள் ஆபத்து.

மாத்திரைகள் விஷயத்தில் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடராதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின், இரும்புச்சத்து மாத்திரை நான்குக்கும் தனித்தனி உத்தரவு வாங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆகவே உங்களுக்கு நேரம் அதிகம் இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பேதியால் அந்த மருந்து சரியாகச் சேராமல் போகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதாதவர்களுக்கும் அது இருக்கும். பின்பக்கம் திறந்த கவுனில் அறிமுகம் இல்லாதவர்கள் முன்னால் படுப்பது யாருக்கும் சுலபம் இல்லை. எங்கள் கண் திரையில்தான் இருக்கும், உங்கள் மேல் துணி போர்த்தியிருக்கும், காற்று வெளியே போனால் போகட்டும், போவதுதான் எங்களுக்கும் வேண்டும். பெண் ஊழியர் வேண்டும், ஆண் ஊழியர் வேண்டும் என்று கேட்கலாம். யாராவது உங்கள் உடம்பை முன்பு அத்துமீறித் தொட்டிருந்தால், அந்த நினைவு இங்கே எழும்ப வாய்ப்பு உண்டு. விவரம் சொல்ல வேண்டியதில்லை. "எதைச் செய்வதற்கு முன்னாலும் எனக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், கை தூக்கினால் நிறுத்துங்கள்" என்றால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

இப்போது நீங்கள் தாண்டிப் போன வரிக்கு வருகிறேன். பல வருடம் முன்பு ஒருவர் விழித்தபடியே செய்துகொண்டார். படுத்ததிலிருந்து நகைச்சுவையாகப் பேசிக்கொண்டே இருந்தார், ஆனால் நான் பிடித்திருந்த கை ஐஸ் மாதிரி இருந்தது. பாதியில் திடீரென்று, "ஏதாவது தப்பாத் தெரிஞ்சா உங்க முகம் மாறுமா சிஸ்டர்? நான் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றார். எனக்கு அன்று தலைவலி. "என் முகம் எப்பவும் இப்படித்தான் இருக்கும் சார், திரையைப் பாருங்க" என்றேன். அன்றிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன்: படுத்திருப்பவர்கள் எங்கள் புருவத்தை, நாங்கள் பேசாமல் இருப்பதை, டாக்டர் ஒரே இடத்தில் நிற்பதை எல்லாம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் எதற்கும் அடையாளம் இல்லை. அறை அமைதியாக இருந்தால் டாக்டர் கவனமாகப் பார்க்கிறார் என்று அர்த்தம். ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் அங்கே தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருப்பார்.

பயாப்ஸி எடுத்தோம் என்று சொன்னால் பலருக்கு முகம் வெளுத்துவிடுகிறது. பயாப்ஸி என்றால் புற்றுநோய்ச் சந்தேகம் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. நாங்கள் எடுக்கும் துண்டுகளில் பல, கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த இடங்களிலிருந்து எடுத்தவை. தண்ணியாகப் போகிறவர்களின் குடலில் மைக்ராஸ்கோப்பில் மட்டுமே தெரியும் ஒரு வகை அழற்சி உண்டு. இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கவும் துண்டு எடுப்பார்கள். அல்சருக்கு மனக்கவலைதான் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கிருமியைக் காட்டியவர்கள் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள். 2005ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமி ஒன்றிரண்டு வார மாத்திரையில் பெரும்பாலும் போய்விடும். பாலிப் எனும் சின்னக் கட்டிகள் 50 வயதைத் தாண்டியவர்களிடம் சகஜம். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதே இல்லை; மாறக்கூடியவைக்கும் பல வருடம் பிடிக்கும், அதற்குள் அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம்.

புற்றுநோயே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்ல முடியாது. சில சமயம் இருக்கும். நான் பார்த்ததில் அது வந்தவர்கள் பின்னால் வருந்தியது டெஸ்ட் செய்துகொண்டதற்காக இல்லை, இரண்டு வருடம் தள்ளிப்போட்டதற்காக. இன்னொரு பக்கம், எல்லாமே நார்மல் என்று வந்து ஏமாந்துபோகிறவர்களும் நிறைய. "அப்ப என் வலி பொய்யா?" என்பார்கள். பொய் இல்லை. குடல் பார்க்க நன்றாக இருந்தும் நரம்புகள் அளவுக்கு மீறி உணர்வதால் வரும் வலியும் நோய்தான், அதற்கும் மருந்து இருக்கிறது. நார்மல் ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் திரும்பிப் போங்கள், வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

தள்ளிப்போடலாமா என்றால், அது உங்களை அனுப்பிய டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. எதற்காக இந்த டெஸ்ட், எதைத் தேடுகிறீர்கள், ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, மூச்சுப் பரிசோதனையில் முதலில் பார்க்க முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை. இளம் வயதினர் சிலருக்கு அதுவே போதும். ஆனால் காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, மலத்தில் ரத்தம், விழுங்கக் கஷ்டம், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் பயத்துக்காகத் தள்ளாதீர்கள். மாத்திரை போல விழுங்கும் கேமராவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது முக்கியமாகச் சிறுகுடலுக்கானது, அதனால் துண்டு எடுக்க முடியாது, அதற்கும் வயிற்றைக் காலியாக்க வேண்டும்.

ஆபத்து உண்டா? உண்டு, மிகக் குறைவு. பார்ப்பதற்காக மட்டும் செய்யும் கொலனோஸ்கோப்பியில் குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய பாலிப் எடுத்தால் அது கூடும். வீட்டுக்குப் போன பிறகு குறையாத கடும் வலி, காய்ச்சல், கட்டியாக ரத்தம், நெஞ்சு வலி வந்தால் காலை வரை காத்திருக்காமல் உடனே போக வேண்டும். வெறும் உப்புசம் என்றால் நடந்தால் போதும், காற்று வெளியேறிவிடும்.

இனி ராத்திரிகள். எனக்கே நாலு வருடம் முன்பு கொலனோஸ்கோப்பி செய்தார்கள். இத்தனை பேருக்குச் சொன்ன அத்தனையும் தெரிந்தும், முந்தைய ராத்திரி ஒரு மணிக்குப் பாத்ரூம் தரையில் உட்கார்ந்து போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். ஆகவே தேடாதீர்கள் என்று உங்களுக்கு உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு உதவியதைச் சொல்கிறேன். மனதில் வரும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் "இதை யாரிடம் கேட்பது" என்று குறித்தேன். பாதிக்கு மேல் ஒரே போன் காலில் தீர்கிற கேள்விகள். மீதி, ரிப்போர்ட் வந்தால் மட்டுமே தெரியும் என்று குறித்தவை. அவற்றுக்கு ராத்திரி ஒரு மணிக்குப் பதில் கிடைக்காது. பயம் தூக்கத்தை மட்டும் இல்லாமல் சாப்பாட்டையும் வேலையையும் முடக்கினால், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், அதை டாக்டரிடம் தனிப் பிரச்சினையாகச் சொல்லுங்கள், அதற்குத் தனி சிகிச்சை உண்டு.

பயாப்ஸி முடிவு வர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். எந்தத் தேதிக்கு, யார் சொல்வார்கள், போனிலா நேரிலா என்று கேட்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். மயக்க மருந்து போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான கையெழுத்தும் போடக் கூடாது, ஆகவே கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும். வருபவர் கையில் ஒரு பேனாவும் தாளும் கொடுத்து அழைத்து வாருங்கள். டாக்டர் வந்து விளக்கும்போது நீங்கள் தெளிவாகத் தலையாட்டுவீர்கள், இரண்டு கேள்விகூடக் கேட்பீர்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு வார்த்தை நினைவிருக்காது.